சைக்கிள் பம்பு ஏன் சுடுகிறது? வெப்ப இயக்கவியலும் வாயு மூலக்கூறுகளும்

சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். கொஞ்சம் உராய்வுச் சூடும் அதில் உண்டு. ஆனால் பெரும்பகுதி உள்ளே அமுக்கப்பட்ட காற்றின் சூடு. ஏன் என்று பி.எஸ்சி. இயற்பியல் மாணவர் ஒருவரைக் கேட்டால் உடனே பதில் வரும்: "வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு சார். வெப்பம் வெளியே போக நேரமில்லை. நாம் செய்த வேலை முழுக்க உள்ளாற்றலாகச் சேர்ந்துவிட்டது." சரியான பதில், முழு மதிப்பெண் கொடுக்கலாம். அடுத்து, "சரி, உள்ளே இருக்கும் மூலக்கூறுக்கு வேகம் எப்படிக் கூடிற்று? அதைத் தள்ளியது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். "நெருக்கமாகிவிட்டதால் அடிக்கடி ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன, அதனால் சூடு" என்று யாராவது ஒருவர் சொல்வார். அது தவறு. தங்களுக்குள் எத்தனை முறை மோதினாலும் மீள்மோதலில் மொத்த ஆற்றல் மாறாது. ஒன்று இழந்ததை இன்னொன்று பெறும், அவ்வளவுதான்.

நானும் அந்தத் தவறான பதிலைச் சொன்னவன்தான். வெப்ப இயக்கவியலும் வாயுக்களின் இயக்கவியற் கொள்கையும் பெரும்பாலும் ஒரே தாளில், அடுத்தடுத்த அலகுகளாக வருகின்றன. ஒரே அட்டைக்குள் இருப்பதால் ஒரே பாடம் என்று நினைத்துக்கொள்கிறோம். யோசிக்கும் முறையிலேயே இரண்டும் வேறு. ஒன்று, வாயுவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவே மறுக்கிறது. மற்றது உள்ளே இருப்பதை வைத்துத்தான் பேச்சையே தொடங்குகிறது. இந்த ஒரு விஷயத்தை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வரும் குழப்பத்தில் பாதி குறையும் என்பது என் எண்ணம்.

உள்ளே பார்க்க மறுக்கும் பாடம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோவைவிட நல்ல சான்று கிடையாது. 1824இல், 28 வயதில், நீராவி இயந்திரத்தின் பயனுறுதிறனுக்கு, அதாவது வாங்கிய வெப்பத்தில் எத்தனை பங்கை வேலையாக்கலாம் என்பதற்கு, ஓர் உச்ச வரம்பு உண்டு என்று அவர் எழுதினார். அந்த வரம்பு இயந்திரம் எதனால் ஆனது, உள்ளே நீராவியா காற்றா என்பதைப் பொறுத்ததில்லை, இரண்டு வெப்பநிலைகளை மட்டுமே பொறுத்தது என்றும் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அந்த நூலை எழுதும்போது வெப்பம் என்பது அழியாத ஒருவகைத் திரவம் என்ற அன்றைய கருத்தை வைத்துத்தான் அவர் வாதத்தைக் கட்டினார். உயரத்திலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுற்றுவதுபோல, உயர்ந்த வெப்பநிலையிலிருந்து தாழ்ந்த வெப்பநிலைக்கு 'விழும்' வெப்பம் இயந்திரத்தைச் சுற்றுகிறது என்பது அவர் மனத்திலிருந்த படம். படம் தவறு. வெப்பம் அழியாத திரவம் இல்லை, வேலையே வெப்பமாக மாற முடியும் என்பதை ஆங்கில இயற்பியலாளர் ஜூல் 1840களில் துடுப்புச் சக்கரத்தால் தண்ணீரைக் கலக்கிக் காட்டினார். ஆனாலும் கார்னோவின் முடிவு அசையவில்லை. 1832இல், 36 வயதில், காலரா அவரைக் கொண்டுபோனது. கிளாசியசும் கெல்வினும் 1850ஐ ஒட்டி அந்த முடிவை எடுத்து, திரவத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியாக நிறுத்தினார்கள்.

வெப்பம் என்றால் என்ன என்பதையே தப்பாகப் புரிந்துகொண்ட ஒருவர் வெப்ப இயந்திரத்தைப் பற்றி இறுதியான விடையைச் சொல்ல முடிந்தது. அந்தப் பாடத்தின் இயல்பு அப்படி. அனல் மின்நிலையத்தில் சுமார் 540 டிகிரி செல்சியசில் வரும் நீராவி, 40 டிகிரியில் உள்ள குளிர்விப்பானில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெல்வினில் 813, 313. ஒன்றிலிருந்து அவற்றின் விகிதத்தைக் கழித்தால் சுமார் 61 சதவீதம். நீரின் மூலக்கூறு எப்படியிருக்கும் என்று தெரியாமலே இந்த வரம்பைச் சொல்லிவிடலாம். உண்மையான நிலையங்கள் 40 சதவீதத்தைத் தொடவே திணறுகின்றன என்பது வேறு கதை.

அதே இயல்புதான் மாணவருக்குத் தொல்லையும் தருகிறது. கையில் பிடிக்கப் படம் எதுவும் கிடையாது. வெப்பமும் வேலையும் பொருளுக்குள் இருக்கும் சரக்குகள் அல்ல, ஆற்றல் உள்ளே வரும் வழிகள். உங்கள் வங்கிக் கணக்கில் ரொக்கமாகக் கட்டிய பணமும் போன் வழியாக வந்த பணமும் சேர்ந்து இருப்பாகிறது. இருப்பில் ரொக்கம் எவ்வளவு என்று மேலாளரைக் கேட்டால் சிரிப்பார். அதுபோலத்தான் ஒரு குடுவைக் காற்றில் 'வெப்பம்' எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியும். உள்ளாற்றல் எவ்வளவு என்று கேட்கலாம். பேச்சுவழக்கில் வெப்பத்தையும் வெப்பநிலையையும் 'சூடு' என்ற ஒரே சொல்லால் சொல்லிப் பழகிய நமக்கு இது இன்னும் ஒரு சுற்று கூடுதல் சிரமம்.

அப்புறம், வெப்பத்தையும் வேலையையும் உள்ளாற்றலோடு கணக்கிடும் முதல் விதியில் வரும் குறியீட்டுச் சண்டை. இயற்பியல் வகுப்பில் வாயு செய்யும் வேலை நேர்க்குறி. துணைப்பாடமான வேதியியல் வகுப்பில் வாயுவின் மீது செய்யப்படும் வேலை நேர்க்குறி. காலை ஒரு முதல் விதி, மதியம் ஒரு முதல் விதி என்று எங்கள் வகுப்பில் கிண்டல் செய்வோம். இரண்டும் ஒன்றுதான். எந்தப் பக்கம் நின்று கணக்குப் பார்க்கிறோம் என்பதே வேறுபாடு. விடைத்தாளின் முதல் வரியில் எது நேர்க்குறி என்று எழுதிவிட்டால் போதும். பகுதி வகைக்கெழுவின் அடியில் தொங்கும் அந்தச் சின்ன எழுத்தும் இப்படித்தான் பலரைக் கவிழ்க்கிறது. எதை மாறாமல் பிடித்துக்கொண்டு மற்றதை மாற்றுகிறோம் என்பதை அது சொல்கிறது. வெப்பநிலையைப் பிடித்துக்கொண்டு வாயுவை அமுக்குவதும், வெப்பம் வெளியே போகாமல் பிடித்துக்கொண்டு அமுக்குவதும் வேறுவேறு செயல்கள், வேறுவேறு விடைகள். மாக்சுவெல்லின் நான்கு தொடர்புகளைச் சதுரம் போட்டு மனப்பாடம் செய்வதைவிட அந்த அடியெழுத்தை வாய்விட்டுப் படிப்பது பயன் தரும்.

இப்போது மறுபக்கம். வாயுவின் அழுத்தம் என்பது எண்ணற்ற துகள்கள் சுவரில் மோதுவதன் விளைவு என்பதை டேனியல் பெர்னூலி 1738லேயே எழுதிவிட்டார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நூறாண்டு கழித்து அதே எண்ணத்தை வெகுதூரம் கொண்டுபோனவர் ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன். இவர் அப்போது இருந்தது பம்பாயில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்கு ஆசிரியராக. வெப்பநிலை என்பது மூலக்கூறு வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்ற கருத்து அடங்கிய கட்டுரையை அங்கிருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். 1845இல் அதைப் படித்த மதிப்பீட்டாளர்கள் குப்பை என்று ஒதுக்கினார்கள். கட்டுரை ஆவணக் கிடங்கிலேயே கிடந்தது. வாட்டர்ஸ்டன் 1883இல் எடின்பரோ அருகே நடைக்குப் போனவர் திரும்பவில்லை. 1891இல் ராலே பிரபு கிடங்கிலிருந்து கட்டுரையைக் கண்டெடுத்து, அடுத்த ஆண்டு அச்சேற்றினார். அதற்குள் கிளாசியஸ், மாக்சுவெல், போல்ட்ஸ்மன் மூவரும் எல்லாவற்றையும் தனியே கண்டுபிடித்து முடித்திருந்தார்கள். பாடத்தில் அழுத்தச் சமன்பாட்டைத் தருவிக்கும் அந்த ஒன்றரைப் பக்கத்துக்குப் பின்னால் இந்தியக் கடற்கரையில் எழுதப்பட்ட ஒரு கட்டுரையும் இருக்கிறது என்பது எனக்குப் படிக்கும் நாளில் தெரிந்திருந்தால் அதைக் கொஞ்சம் மரியாதையோடு எழுதியிருப்பேன்.

அந்தத் தருவிப்பில் வரும் மூன்றில் ஒரு பங்குக்குப் பயப்பட ஒன்றுமில்லை. எந்தத் திசைக்கும் தனிச்சலுகை கிடையாது, ஆகவே வேகத்தின் இருமடி மூன்று திசைகளுக்கும் சமமாகப் பிரிகிறது. எண்களைப் போட்டுப் பார்ப்பதுதான் இங்கே சுவை. 300 கெல்வினில், அதாவது 27 டிகிரி செல்சியசில், நைட்ரஜன் மூலக்கூறின் சராசரி இருமடி மூல வேகம் (வேகங்களின் இருமடிகளுக்குச் சராசரி எடுத்து, அதன் இருமடி மூலம்) வினாடிக்குச் சுமார் 517 மீட்டர். அதே காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 347 மீட்டர்தான் போகிறது. இரண்டும் ஒரே அளவில் இருப்பது தற்செயல் இல்லை. ஒலியைச் சுமந்து போவதே இந்த மூலக்கூறுகள்தானே.

உடனே ஒரு சந்தேகம் வர வேண்டும். இவ்வளவு வேகம் என்றால் அடுப்படியில் தாளிக்கும் வாசம் கண் இமைக்கும் நேரத்தில் வாசலுக்கு வந்திருக்க வேண்டுமே? இதே கேள்வியை பைஸ் பாலட் என்ற டச்சு விஞ்ஞானி கிளாசியசிடம் எழுப்பினார். அதற்குப் பதிலாகத்தான் 1858இல் கிளாசியஸ் சராசரி மோதலிடைத் தூரம் என்ற கருத்தைக் கொண்டுவந்தார். சாதாரணக் காற்றில் அது ஒரு மீட்டரில் பத்துக் கோடியில் ஏழு பங்கு, அதாவது சுமார் 70 நானோமீட்டர். ஒரு மூலக்கூறு வினாடிக்குப் பல நூறு கோடி முறை இடிபட்டுத் திசை மாறுகிறது. திருவிழாக் கூட்டத்தில் ஓட்டப் பந்தய வீரரை இறக்கிவிட்டதுபோல. வேகம் இருக்கிறது, போய்ச் சேர முடியவில்லை. சொல்லப்போனால் இந்த விளக்கம் தேவைக்கு மேலேயே வேலை செய்துவிடுகிறது. வெறும் மூலக்கூறு விரவலால் மட்டும் வாசம் 5 மீட்டர் தாண்டுவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டால் நிமிடங்கள் வராது, நாட்கள் வரும். நம் வீட்டில் வாசத்தைத் தூக்கிவருவது மின்விசிறியும் சன்னல் காற்றும்தான். விரவலுக்கு எடுத்துக்காட்டாக ஊதுபத்தியைச் சொல்லும் பழக்கத்தை நாம் விட்டுவிடலாம்.

சரி, பம்புக்கு வருவோம். இரண்டு பாடங்களையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க இதைவிட எளிய பொருள் இல்லை.

கிரிக்கெட்டில் அசையாத மட்டையில் பட்ட பந்து வந்த வேகத்திலேயே திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மட்டையை முன்னால் வீசினால் பந்து கூடுதல் வேகத்தோடு போகும். மட்டையைச் சற்றே பின்னுக்கு இழுத்து வாங்கினால் பந்து சாதுவாகக் காலடியில் விழும். பம்பின் உந்துதண்டுதான் மட்டை. அது உள்நோக்கி நகரும்போது அதில் மோதும் ஒவ்வொரு மூலக்கூறும் உந்துதண்டின் வேகத்தைப்போல் இரு மடங்கைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு திரும்புகிறது. உந்துதண்டு வினாடிக்கு ஒரு மீட்டர் போனால், ஒரு மோதலுக்கு 2 மீட்டர் கூடுதல். 500க்கு முன் 2 அற்பம்தான். ஆனால் 30 சென்டிமீட்டர் குழாயில் ஒற்றை மூலக்கூறு மட்டும் முன்னும் பின்னும் ஓடினால் வினாடிக்கு 800 முறைக்கு மேல் உந்துதண்டைத் தொடும். சேர்ந்துவிடாதா? மூலக்கூறைத் தள்ளியது யார் என்ற கேள்விக்கு இதுதான் பதில்: நகரும் சுவர். உந்துதண்டைப் பின்னுக்கு இழுத்தால் மட்டையை இழுத்து வாங்கிய கதை, வாயு குளிரும்.

இதைக் கணக்காகவும் செய்துவிடலாம். இரண்டு சுவர்களுக்கு இடையே நேர்கோட்டில் ஓடும் ஒரு துகளுக்கு, சுவர் மெதுவாக நகரும்வரை, வேகத்தையும் இடைவெளியையும் பெருக்கினால் வரும் எண் மாறாது. இடைவெளி பாதியானால் வேகம் இரட்டிப்பு. ஒரு கனசதுரப் பெட்டியின் மூன்று பக்கங்களையும் அப்படிப் பாதியாக்கினால் பருமன் எட்டில் ஒன்றாகிறது, வேகம் இரட்டிப்பாகிறது, வெப்பநிலை நான்கு மடங்காகிறது. அதாவது வெப்பநிலையைப் பருமனின் மூன்றில் இரண்டு அடுக்கால் பெருக்கினால் மாறிலி. பாடப்புத்தகத்தில் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வுக்குக் கொடுத்திருக்கும் சமன்பாட்டில், வாயுவின் இரு தன்வெப்பங்களின் விகிதமான காமாவுக்கு, ஆர்கன் போன்ற ஓரணு வாயுவுக்குரிய 5/3 என்று போட்டுப் பாருங்கள், அச்சு அசலாக இதேதான். முதல் விதியைத் தொடாமல், வெறும் பந்து மோதலிலிருந்து வந்துவிட்டோம்.

இதே பார்வையில் கட்டற்ற விரிவும் தெளிவாகிவிடும். ஜூல் 1845இல் ஒரு செப்புக் கலனில் 22 வளிமண்டல அழுத்தத்தில் காற்றை அடைத்து, பக்கத்தில் வெற்றிடமாக்கிய இன்னொரு கலனை இணைத்து, இரண்டையும் தண்ணீருக்குள் வைத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீரின் வெப்பநிலை மாறியதாகத் தெரியவில்லை. வாயு விரிந்தால் குளிர வேண்டாமா என்று தேர்வறையில் தடுமாறாத மாணவர் குறைவு. இங்கே நகரும் சுவர் எங்கே இருக்கிறது? மட்டையை யாரும் இழுக்கவில்லை. மைதானத்தைத்தான் பெரிதாக்கினோம். வேகம் ஏன் குறைய வேண்டும்?

பம்பில் இருப்பது ஆர்கன் இல்லையே, காற்றுதானே என்று கேட்பவருக்குத்தான் கதையின் அடுத்த பகுதி. 300 கெல்வினில் உள்ள ஆர்கனை வெப்பம் போகாமல் பாதிப் பருமனுக்கு அமுக்கினால் 476 கெல்வின் வரும். காற்றென்றால் 396 கெல்வின்தான். காற்றில் இருப்பவை பெரும்பாலும் ஈரணு மூலக்கூறுகள். உந்துதண்டு கொடுத்த ஆற்றலில் ஒரு பகுதி அவை சுழலுவதற்குப் போய்விடுகிறது. மூன்று நேர்கோட்டு இயக்கம், இரண்டு சுழற்சி, ஆக ஐந்து சுதந்திர இயக்கக் கூறுகள். ஒவ்வொரு கூறுக்கும் சம ஆற்றல் என்ற சமபங்கீட்டின்படி காமா 7/5, அதாவது 1.4.

ஆய்வகத்தில் கிளெமென்ட்–டெசோர்ம் சோதனையில் நாம் அளப்பது இந்த எண்ணைத்தான். பெரிய கண்ணாடிக் குடுவை, ஒரு நீர் மட்ட அழுத்தமானி, ஒரு அடைப்பான். அடைப்பானைத் திறந்து உடனே மூட வேண்டும். அந்த 'உடனே'யில்தான் எல்லாம் கெடும். எனக்கு எப்போதும் 1.3ஐ ஒட்டித்தான் வந்தது. பதிவேட்டில் 1.39 எப்படி வந்தது என்பதை விட்டுவிடுவோம். ஆனால் அந்தச் சோதனையின் பெருமையை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தண்ணீர் மட்டத்தின் இரண்டு உயர வேறுபாடுகளை அளந்து, கண்ணுக்கே தெரியாத மூலக்கூறு தனி அணுவா, இணை அணுவா என்று சொல்கிறோம். மற்ற வெப்பச் சோதனைகள், வெப்பக் கடத்தலை அளக்கும் லீ தட்டு உட்பட, உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை.

அந்த ஐந்தில் ஒரு திருட்டு இருக்கிறது. இரண்டு அணுக்கள் இணைந்திருந்தால் அவை கம்பிச்சுருள்போல அதிரவும் வேண்டுமே? அதிர்வுக்கு இரண்டு பங்கு சேர்த்தால் ஏழு. காமா 9/7, அதாவது 1.29. இயற்கை ஒத்துக்கொள்ளவில்லை, 1.4லேயே நிற்கிறது. பாடத்தில் 'அறை வெப்பநிலையில் அதிர்வைக் கணக்கில் கொள்ளத் தேவையில்லை' என்று ஒரே வரியில் தாண்டிப் போவார்கள். மாக்சுவெல்லால் அப்படித் தாண்ட முடியவில்லை. 1860லேயே, மற்ற முடிவுகள் எவ்வளவு பொருந்தினாலும் தன்வெப்ப விகிதத்தில் வரும் முரண் தன் கொள்கையைக் கவிழ்த்துவிடும் என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். 1900இல் கெல்வின், வெப்பத்தையும் ஒளியையும் பற்றிய கோட்பாட்டின் மேல் கவிந்திருக்கும் இரு மேகங்களில் ஒன்றாக இதையே குறிப்பிட்டார். ஹைட்ரஜனைக் குளிர்வித்தால் நிலைமை இன்னும் மோசம். 60 கெல்வினுக்குக் கீழே சுழற்சியும் நின்றுபோய், அதன் மோலார் தன்வெப்பம் சுமார் 20லிருந்து 12.5 ஜூலுக்கு இறங்கி, ஓரணு வாயுபோல நடந்துகொள்கிறது. அதிர்வுக்கும் சுழற்சிக்கும் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க முடியாது, குறைந்தபட்சம் ஒரு முழுப்பொட்டலம் வேண்டும் என்ற குவாண்டம் விதி வந்த பிறகுதான் மேகம் கலைந்தது. அந்த ஒற்றை வரிக்கு ஆசிரியர் ஒரு முழு வகுப்பைக் கொடுக்கலாம் என்பேன்.

கடைசியாக என்ட்ரோபி. 1865இல் கிளாசியஸ் சூட்டிய பெயர். அவர் கையில் அது வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்துக் கூட்டிய ஓர் அளவு மட்டுமே. ஒழுங்கின்மை என்று பள்ளியிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள், கலைந்து கிடக்கும் படிப்பு மேசை எடுத்துக்காட்டோடு. மேசையை மறந்துவிடுங்கள். ஒரு மோல் வாயுவை எடுத்து, ஜூல் செய்ததுபோல, இரு மடங்கு பருமனுக்குக் கட்டற்று விரிய விடுங்கள்.

வெப்ப இயக்கவியல் வழி: வெப்பம் எதுவும் வரவில்லை, அதனால் மாற்றம் சுழி என்று எழுதினால் தவறு, இது மீளா நிகழ்வு. அதே தொடக்கத்திலிருந்து அதே முடிவுக்குப் போகும் ஒரு மீள் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெப்பநிலை மாறாமல் மெல்ல விரிய விட்டால் உள்ளே வர வேண்டிய வெப்பத்தை வெப்பநிலையால் வகுக்கிறோம். வாயு மாறிலி 8.314ஐ 2இன் இயல் மடக்கையால் பெருக்கினால் கெல்வினுக்கு 5.76 ஜூல்.

மூலக்கூறு வழி: ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இருக்க இடம் இரு மடங்காகிவிட்டது. ஒன்றுக்கு 2 வழி, இரண்டுக்கு 4, பத்துக்கு 1,024. பத்தும் தற்செயலாகப் பழைய பாதிக்கே திரும்ப 1,024இல் ஒரு வாய்ப்பு. கொஞ்ச நேரம் காத்திருந்தால் பார்த்துவிடலாம். நூறு மூலக்கூறுகள் என்றால் அந்த வாய்ப்பு 1க்குப் பின் 30 சுழி போட்ட எண்ணில் ஒன்று. ஒரு மோலில் இருப்பவை 6.022ஐ 10இன் 23ஆம் அடுக்கால் பெருக்கியவை. மூலக்கூறுகளின் திசைகளை எல்லாம் ஒரே நொடியில் திருப்பிவிட்டால் வாயு பழைய பாதிக்குள் போய்விடுமே, உங்கள் இரண்டாம் விதி என்னாகும் என்று லோஷ்மிட் 1876இல் போல்ட்ஸ்மனை மடக்கினார். போகும்தான், இயக்க விதிகளில் அதைத் தடுக்க எதுவுமில்லை. ஆனால் அப்படிப் போகக்கூடிய தொடக்கநிலைகள் மற்றவற்றோடு ஒப்பிட்டால் எண்ணிக்கையில் ஒன்றுமே இல்லை என்பது போல்ட்ஸ்மனின் பதிலின் சாரம். 1877இல் அவர் வழிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை எடுத்து என்ட்ரோபியோடு இணைத்தார். வியன்னாவில் அவர் கல்லறையின் மேல் 'எஸ் = கே லாக் டபிள்யூ' என்று பொறித்திருப்பது அதைத்தான்: எஸ் என்ட்ரோபி, கே போல்ட்ஸ்மன் மாறிலி, டபிள்யூ வழிகளின் எண்ணிக்கை.

நம் மோலுக்கு அதைப் போடுங்கள். 2ஐ அத்தனை முறை பெருக்கிய எண்ணின் மடக்கை, மூலக்கூறுகளின் எண்ணிக்கை பெருக்கல் 2இன் மடக்கை. அதைப் போல்ட்ஸ்மன் மாறிலியால் பெருக்கினால், அவோகாட்ரோ எண்ணும் அந்த மாறிலியும் சேர்ந்து மறுபடி 8.314 ஆகிறது. விடை 5.76 ஜூல். ஒரு பக்கம் உள்ளே எட்டிப் பார்க்காமல் வெப்பத்தை மட்டும் கணக்கிட்டு வந்த எண். மறுபக்கம் வெப்பம் என்ற சொல்லையே உச்சரிக்காமல், வழிகளை எண்ணி வந்த எண். தேர்வில் ஏதாவது ஒன்றைத்தான் கேட்பார்கள். வீட்டில் இரண்டையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.